பதிவேட்டில் தொடங்கும் வாசல்: வத்தேகமத் தோட்டப்புறங்களிலிருந்து முக அடையாளச் சோதனையை நோக்குதல்

விமான நிலையப் புறப்பாட்டுச் சோதனைகளில் முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் புகுத்துவது பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. வரிசை எவ்வளவு குறையும் என்பது ஒன்று. பயணியின் அந்தரங்கம் என்ன ஆகும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவையே. ஆனால் கண்டிக்கு வடகிழக்கே, மாத்தளைப் புகையிரதப் பாதையில் அமைந்த வத்தேகமவையும், அதற்கு மேலே பன்வில, மடுல்கலை என்று நக்கிள்ஸ் மலைச்சாரல்வரை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களையும் மனதிற்கொண்டு யோசித்தால், இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று எழுகிறது. கருவி பயணியின் முகத்தை எதனோடு ஒப்பிடுகிறது? அந்தப் பதிவை எழுதியவர் யார், அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது? முக வாசல் வந்ததும் சோதனையின் அதிகாரம் விமான நிலையத்திலிருந்து பதிவேட்டுக்கு இடம்பெயர்கிறது என்பதும், பதிவேட்டில் நீண்டகாலமாக நலிந்திருக்கும் ஒரு சமூகத்துக்கு இந்த இடப்பெயர்ச்சியே முதன்மையான பிரச்சினை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் வாசகர்கள் அதிகம் அறிந்த முன்மாதிரி இந்தியாவின் டிஜி யாத்ரா. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய மூன்று நிலையங்களில் அது தொடங்கியது. பின்னர் சென்னை உட்படப் பல நிலையங்களுக்குப் பரவியது. பயணி தன் ஆதார் விவரத்தையும் ஒரு செல்ஃபியையும் கைப்பேசிச் செயலியில் பதிகிறார். அடையாளச் சான்று அவருடைய கைப்பேசியிலேயே தங்குகிறது. பயணத்துக்கு முன் அதைப் புறப்படும் நிலையத்துக்கு மட்டும் பகிர்கிறார். விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நிலையம் அதை அழித்துவிட வேண்டும் என்பது விதி. சம்மதம் முறையாகக் கேட்கப்படாமலே வாசலில் நிற்கும் பணியாளர்கள் தங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று பயணிகள் குறைகூறியதுண்டு. அந்தக் குறை சிறியதல்ல. ஆயினும் கட்டமைப்பு என்ற அளவில், முகத்தை மையக் களஞ்சியத்தில் குவிக்காமல் பயணியின் கையிலேயே விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு பல நாடுகளின் ஏற்பாட்டைவிட மேலானது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் டிஜி யாத்ரா உள்நாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்டது. இந்திய நிலையங்களில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் பாதுகாப்புப் படையினரிடம் காட்ட வேண்டும்; அந்த வரிசைக்கான தீர்வு அது. ஒருவர் நாட்டைவிட்டுப் போகலாமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. இலங்கையின் நிலை வேறு. உள்நாட்டு விமானப் பயணம் இங்கே பெயரளவுக்குத்தான் உண்டு. கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் புறப்பாடு என்றாலே குடியகல்வு. விரும்பினால் செயலி, விரும்பாவிட்டால் பழைய வரிசை என்னும் தெரிவு, அரசின் எல்லைச் சோதனையில் அதே பொருளோடு நிற்காது. டெல்லியைப் பார்த்துக் கட்டுநாயக்கவுக்குத் திட்டம் வரைபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பயண ஆவணங்களுக்கான உலகப் பொது உயிர்க்கூற்று அடையாளமாக 2003இல் முகத்தையே தேர்ந்தது. சிப் பொருத்திய கடவுச்சீட்டில் முகப்படம் அந்தச் சிப்பிலேயே இருக்கும். வாசல் அதைப் படித்து எதிரே நிற்பவரோடு ஒப்பிட்டால் போதும். இலங்கை அண்மைக்காலம்வரை வழங்கிவந்த கடவுச்சீட்டுகளில் சிப் இல்லை. இத்தகைய கடவுச்சீட்டை வைத்து முக வாசலை இயக்குவதானால், ஒப்பிடுவதற்கான படம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் களஞ்சியத்திலிருந்துதான் வர வேண்டும். டிஜி யாத்ரா தவிர்க்க முயன்ற மையக் குவிப்பு இங்கே தொடக்கத்திலேயே தேவையாகிவிடுகிறது. இந்திய மானியத்தோடு திட்டமிடப்பட்டு, 2022 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தமான தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் முகம், கைவிரல் ரேகை, கருவிழி மூன்றையும் திரட்டுவதையே நோக்கமாகக் கொண்டது. இந்த இரண்டு களஞ்சியங்களும் ஒருநாள் ஒன்றோடொன்று பேசும் என்று எதிர்பார்ப்பது மிகைக் கற்பனை ஆகாது.

இத்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் வரலாற்றில் பயணச் சோதனைக்கும் அடையாளத்துக்குமான உறவு பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் கழுத்தில் தோட்ட எண் பொறித்த சிறு தகர வில்லை தொங்கியது. அணிந்தவர் யார் என்பதை அது சொல்லவில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போய்ச்சேர வேண்டியவர், வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதையே சொன்னது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கங்காணியின் கடனோடு பிணைந்த அந்தச் சீட்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதோ முற்றிலும் வேறொன்று: தகப்பன் இங்கே பிறந்தார் என்பதற்கான சான்று. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் வாழ்ந்தவர்களிடம் பதிவைக் கேட்டார்கள்; காட்ட இயலாதவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்குப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. 1974இல் அந்த எஞ்சியவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலையகப் புகையிரத நிலையங்களில் அழுதுகொண்டு ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்களுக்கு அந்தப் புறப்பாட்டுச் சோதனை என்ன பொருள் தந்தது என்பதை விமான நிலைய நிர்வாகம் பற்றிய நூல்களில் தேடிக் காண முடியாது. நாடற்றவர் பிரச்சினை சட்டத்தின் அளவில் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே இழுப்பது உணர்ச்சிக்காக அன்று. இன்றைய பதிவேடு இதன் படிவு. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை ஊரில் கிராம சேவகர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வாழ்பவருக்கு அந்த இடத்தில் தோட்ட அத்தியட்சகரும் கையெழுத்திடலாம். தொழில் தரும் முதலாளியின் பிரதிநிதியே குடிமகனின் அடையாளத்துக்கும் சாட்சி. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் கூப்பிடு பெயர், நீண்டகாலம் சிங்களத்தில் மட்டும் அச்சான அடையாள அட்டையில் எழுத்தர் காதில் விழுந்தபடி ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மற்றொன்று. முத்துலட்சுமி முத்துலெச்சமியாகி, தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, பிறந்த ஆண்டு பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக ஓராண்டு நகர்ந்திருக்கும். அவரவர் வாழ்க்கையில் இவை குழப்பமே தருவதில்லை. அட்டவணையில்தான் குழப்பம்.

இப்போது தொழில்நுட்பத்துக்கு வருவோம். முக அடையாளத்தின் பாகுபாடு பற்றிப் பேசும் தமிழ்க் கட்டுரைகள் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றன. கருமை நிறப் பெண்களில் பிழைவீதம் 34.7 சதவீதம்வரை சென்றது என்ற அதன் எண் புகழ்பெற்றது. அது ஆணா பெண்ணா என்று வகைப்படுத்தும் மென்பொருளைப் பற்றியது. ஆளையும் கடவுச்சீட்டையும் ஒப்பிடும் வேலையைப் பற்றியதன்று. நமக்கு நேரடியாகப் பொருந்துவது அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை. 189 நிரல்முறைகளை, ஏறத்தாழ 85 லட்சம் பேரின் 1.8 கோடிப் படங்களைக் கொண்டு சோதித்த அது, ஒருவரை மற்றொருவராக ஏற்கும் பிழை ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களில் கூடுதலென்றும், பெண்களிலும் முதியவர்களிலும் கூடுதலென்றும் கண்டது. சில நிரல்முறைகளில் வேறுபாடு பத்து முதல் நூறு மடங்கு.

ஆனால் பிழையின் திசையைக் கவனிக்க வேண்டும். தவறாக ஏற்கும் பிழை பயணியை வாசலில் நிறுத்தாது. வேறொருவர் அவர் பெயரில் கடந்துபோக வழிவிடும். பயணியை நிறுத்துவது தவறாக மறுக்கும் பிழை. நல்ல படங்கள் கிடைக்கும்போது இந்தப் பிழை மிகக் குறைவு. பழைய படம், மங்கிய படம், முகத்தின் மாற்றம் ஆகியவற்றால் கூடுகிறது. இலங்கைக் கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லுபடியாகும். வெயிலிலும் பனியிலும் கொழுந்து பறிப்பவரின் பத்தாண்டு, அலுவலக அறையில் இருப்பவரின் பத்தாண்டைவிட முகத்தில் அதிகம் எழுதும். எனினும் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. உடலுழைப்பாளரின் விரல்நுனி தேய்வதால் ரேகைக் கருவிகள் அவர்களை அடிக்கடி மறுக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்குக் கைவிரலைவிட முகம் நம்பகமான சாட்சி. இந்த அளவில் தொழில்நுட்பம் அவர் பக்கமே நிற்கிறது.

மனித அதிகாரியை உயர்த்திப் பேசுவதும் எளிதன்று. அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், எதிரே நின்ற ஆளையும் வேறொருவரின் படத்தையும் ஒரே ஆளென்று அவர்கள் 14 சதவீதத் தடவைகள் ஏற்றார்கள். பல்லாண்டு அனுபவம் உதவவில்லை. அதோடு கைநீட்டும் தரகர்களையும், தோட்டத்துப் பெண்ணின் உடையைப் பார்த்தே தொனியை மாற்றும் அதிகாரியையும் இந்த நாட்டில் அறியாதவர் யார்? கருவி உடையைப் பார்ப்பதில்லை. முக வாசலுக்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான். வேகம் பற்றிய வாதத்தைவிட இது எனக்கு மதிப்புக்குரியது.

ஆனால் ஒப்பீடு சரியாக இருப்பதும் சோதனை சரியாக இருப்பதும் ஒன்றாகா. மூதூர் ரிசானா நஃபீக்கின் வரலாறு இதைக் காட்டப் போதும். பிறப்புப் பதிவின்படி 1988இல் பிறந்தவர். 1982இல் பிறந்ததாகக் காட்டிய கடவுச்சீட்டோடு, பதினேழு வயதில், 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். அவர் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றப்பட்டது. அன்று கட்டுநாயக்கவில் உலகின் மிகத் துல்லியமான முக வாசல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முகம் அவருடையது. கடவுச்சீட்டிலுள்ள படமும் அவருடையது. பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்திருக்கும். பொய் முகத்தில் இருக்கவில்லை, பதிவில் இருந்தது. சிறுமியைப் போலிருக்கிறாளே என்று ஓர் அதிகாரி நிமிர்ந்து பார்க்கக்கூடிய அந்த ஒரேயொரு கணத்தையும் தன்னியக்க வாசல் எடுத்துவிடும். அன்று அப்படி யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. பார்க்கும் வாய்ப்பையே நீக்குவதற்கு அது நியாயமாகாது.

வத்தேகமவிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டுநாயக்கவில் ஒரு சோதனை மட்டும் இல்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு அவருக்கு வேண்டும். 2013 முதல் வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள தாய்மார் தடுக்கப்பட்டனர். 2022இல் அது தளர்த்தப்பட்டது. சட்டம் மாறிமாறி வரும்போது பெண்கள் சுற்றுலா விசாவில் போகும் வழியைத் தரகர்கள் காட்டுகிறார்கள். முகம் ஒரு பொதுத் திறவுகோலாகிப் பணியகத்தின் களஞ்சியத்தோடும் இணைந்தால், வாசல் ‘இவர் யார்’ என்பதோடு நிற்காது. ‘இவர் போகலாமா’ என்பதற்கும் விடை சொல்லத் தொடங்கும். ஆட்கடத்தலைத் தடுக்க அது உதவலாம். தன் பிழைப்புக்காகப் போகும் வயதுவந்த பெண்ணைக் காரணம் சொல்லாமல் நிறுத்தவும் உதவலாம். எது நடக்கும் என்பதைக் கருவியின் துல்லியம் தீர்மானிக்காது. இணைப்பை அனுமதிக்கும் சட்டவிதி தீர்மானிக்கும். அந்த விதி பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். கேள்விப்பத்திரத்தின் இணைப்பொன்றில் ஒளிந்திருக்கக் கூடாது.

சட்டம் தரும் காப்பு இப்போதைக்கு மெலிந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிர்க்கூற்றுத் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. முற்றிலும் தன்னியக்கமான முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையையும் தருகிறது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்தள்ளப்பட்டன. நடைமுறைக்கு வந்தாலும், எழுத்துமூலம் மனுச்செய்து பதிலுக்குக் காத்திருக்கும் உரிமையால் விமானத்தைத் தவறவிட்டவருக்கு என்ன பயன்? வேலை ஒப்பந்தம் அந்தப் பயணத் திகதியோடு கட்டப்பட்டது. தரகருக்குக் கட்டிய பணம் அடகுவைத்த நகையிலிருந்து வந்தது.

ஆகவே திருத்தம் கட்டுநாயக்கவில் நடக்கக் கூடாது. அதற்கு வெகு முன்னதாக, பயணி வாழும் இடத்துக்கு அருகில் நடக்க வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முக வாசல் வரும்போது அதே ஒப்பீட்டுக் கருவியொன்றை அங்கே வைக்கலாம். பயணி சில வாரங்களுக்கு முன்பே வந்து நின்று பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் புதிய படம் கட்டணமின்றி எடுக்கப்பட வேண்டும். தன்னைப் பற்றிய பதிவில் பெயரும் பிறந்த திகதியும் எப்படி இருக்கின்றன, எந்தெந்தக் களஞ்சியத்தோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். பெயர் முரண்பாடுகளைத் தீர்க்க ஆட்பதிவுத் திணைக்களமும் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்த நடமாடும் சேவை பன்வில போன்ற பிரதேச செயலகங்களுக்கு வர வேண்டும், அதுவும் தோட்டத்தில் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில். ஒருநாள் சம்பளத்தை விட்டுக் கண்டிக்குப் போய் வருவதற்கான செலவைத் திட்டம் வரைபவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தியட்சகரின் கையெழுத்தே போதுமென்ற ஏற்பாடு அத்தோடு முடிவுக்கு வரட்டும்.

இதற்கு ஆளும் பணமும் போதாது என்று திணைக்களம் சொல்லக்கூடும். வாசலுக்கான கருவிகளை வாங்கும்போது எழாத இந்தக் கேள்வி பதிவைத் திருத்தும்போது மட்டும் எழுவது வழக்கம். கட்டுநாயக்கவில் பொருத்தப்படும் வாசல்களுக்கான ஒப்பந்தத்திலேயே கண்டி அலுவலகத்துக்கான ஒரு கருவியையும், நடமாடும் சேவைக்கான வாகனத்தையும், மூன்று மொழியும் தெரிந்த எழுத்தர் இருவரையும் சேர்த்து விலை கேட்டால், மொத்தச் செலவில் அது எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடும்.