முதலில் பதில் சொன்னவரை நம்பும் கம்ப்யூட்டர்

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் தம்பி, இங்கே ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க வந்தபோது சொன்னார்: "சார், எங்க லைன்ல வர்ற மெஷின்ல ஆரம்பத்துல ஒண்ணுமே இருக்காது. நெட்வொர்க் கேபிளைச் சொருகி ஆன் பண்ணா, சர்வர்ல இருந்து எடுத்துக்கிட்டுத் தானா எழுந்துக்கும். அந்த சுவிட்ச்சுல வேற எதையும் சொருகக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்காங்க."

அந்த போர்டைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் புரோகிராமைப் படித்துத்தான் அது விழித்துக்கொள்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க் யானை விலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும், அங்கிருந்து பிறந்து 1982இல் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலும் ஒரு யோசனை செய்தார்கள். மேஜைக்கு மேஜை டிஸ்க் எதற்கு? ஒரு பெரிய டிஸ்க் சர்வரில் இருக்கட்டும், மற்றவை கேபிள் வழியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் டிஸ்க் இல்லாத மெஷினுக்குத் தன் பெயர்கூடத் தெரியாதே! அதற்குத் தெரிந்தது நெட்வொர்க் கார்டில் பதித்த 48 பிட் எண் ஒன்றுதான். 1984இல் ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் ரார்ப் என்ற முறையை வெளியிட்டார்கள். மெஷின் தன் கார்டு எண்ணைச் சொல்லிக் கூவும்; சர்வர் அதற்குரிய முகவரியைச் சொல்லும். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் சொல்லாது.

1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்ட்டும் சன் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை எழுதினார்கள். 300 பைட் அளவுள்ள ஒரே பதிலில் மூன்று விஷயமும் வந்துவிடும்: உன் முகவரி இது, சர்வர் முகவரி இது, நீ எடுக்க வேண்டிய கோப்பு இது. பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் கோப்பு 512 பைட் துண்டுகளாக வரும். ஒரு துண்டு கிடைத்தது என்று சொன்னால்தான் அடுத்த துண்டு. 512க்குக் குறைவாக ஒன்று வந்தால் கோப்பு முடிந்தது என்று அர்த்தம். ஒரு சின்ன ரோம் சிப்பில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருக்கமான ஏற்பாடு.

பூட்பியில் ஒரு சிரமம் உண்டு. ஒவ்வொரு மெஷினின் எண்ணையும் சர்வரில் நாமே ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். 1993இல் வந்த டிஹெச்சிபி அந்த வேலையைக் குறைத்தது. யார் கேட்டாலும் சும்மா இருக்கும் முகவரி ஒன்றை எடுத்துத் தரும். 1990களின் கடைசியில் இன்டெல் நிறுவனம் இதையெல்லாம் சேர்த்துப் பிஎக்ஸ்இ என்று ஒழுங்குபடுத்தியது. 1999இல் ஜிம் மெக்வில்லன் என்பவர், பழைய மெஷின்களை ஒரே லினக்ஸ் சர்வரில் ஓட்டும் எல்டிஎஸ்பி திட்டத்தைத் தொடங்கி இலவசமாகக் கொடுத்தார்.

நம் சென்னையிலும் இதற்கு உறவான ஒரு முயற்சி நடந்தது. ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டேட்டா ஆகியோர் சேர்ந்து நோவேடியம் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வேலையெல்லாம் தூரத்துச் சர்வரில் நடக்கும், வீட்டில் ஒரு சின்னப் பெட்டி போதும் என்பது அவர்கள் கணக்கு. சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் கம்ப்யூட்டர் வேண்டும் என்பது நோக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கிலும் அதே கவலைதான். 2005இல் லேபில் 24 பழைய பென்டியம் மெஷின்கள். பாதி டிஸ்க்குகள் செத்துவிட்டன, மீதியில் வைரஸ். டிஸ்க்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, எல்டிஎஸ்பி போட்ட ஒரே சர்வரில் ஓட்டினேன். ரிப்பேர் என்றால் ஒரே இடத்தில் பார்த்தால் போதும். பெருமையாக இருந்தது.

பிராக்டிகல் தேர்வுக்கு முதல் நாள் மாலை, ஸ்டாஃப் ரூமுக்கு இன்டர்நெட் கொடுக்க ஒரு புது ரூட்டரை லேப் சுவிட்சில் சொருகினேன். அந்த ரூட்டருக்குள்ளும் ஒரு டிஹெச்சிபி உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை 24 மெஷின்களில் 9 மட்டுமே எழுந்தன. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் சர்வரை நிறுத்திப் போட்டேன், கேபிள்களைப் பிடுங்கிச் சொருகினேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி, "சார், இதுல வேற நம்பர் வருது" என்றாள். "சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் திரைக்குப் போனேன். எங்கள் லேப் எண்கள் 192.168.0 என்று தொடங்கும். அவள் திரையில் 192.168.1. வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்! எங்கள் பழைய ரோம் சிப்கள் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். ரூட்டர் முகவரியைக் கொடுத்ததே தவிர, எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த மெஷினுக்கு சர்வர் முந்தியதோ அது மட்டும் எழுந்தது. ரூட்டரைப் பிடுங்கினேன். எல்லாம் எழுந்தன.

தேர்வாளரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். நல்ல மனிதர், இழந்த நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தார். அந்த மாணவிக்கு ஊருக்கு நேராகப் போகும் பஸ் மாலை நாலரைக்கு. அதை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள். எனக்குத்தான் பரவாயில்லாமல் போகவில்லை.

அந்த முறைகளை எழுதியவர்களின் உலகில் ஒரு கேபிளில் இருந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். "நீ யார், உன்னை ஏன் நம்ப வேண்டும்?" என்று மெஷின் கேட்பதற்கு அதில் இடமே வைக்கவில்லை. வருகிற புரோகிராமின் கையெழுத்தைச் சரிபார்க்கும் வசதியெல்லாம் பிற்பாடு வந்தவை. அதற்குப் பிறகும், பூட் ஆகும் நெட்வொர்க்கைத் தனியாக வைத்துக் காப்பதுதான் நல்ல பழக்கம்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த போர்டு வர்றதுக்கு முன்னாடி எங்க லைன்லயும் ஒருத்தர் உங்களை மாதிரி சொருகியிருப்பார் சார்" என்றார். இருக்கும்!