தோற்றவரின் பிள்ளைகள்

பின்லாந்தின் உள்நாட்டுப் போர் 1918 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் தொடங்கி மே மாத நடுவில் முடிவுற்றது. நான்கு மாதங்கூட நிறையாத போர் அது. ஆயினும் ஏறத்தாழ 31 இலட்சம் மக்களே வாழ்ந்த அந்நாட்டில், அப்போரினாலும் அதன் பின்விளைவுகளாலும் மாண்டோர் தொகை 36,000 இற்கும் அதிகமாகும். இவர்களுட் போர்க்களத்தில் வீழ்ந்தோர் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவானவரே. எஞ்சியோரிற் பெரும்பாலோர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள். அல்லது போர் ஓய்ந்த பின்னர் முகாம்களிற் பசியாலும் நோயாலும் மடிந்தவர்கள்.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த ஒரு நாட்டில் ஆசிரியத் தொழில் புரிபவன் இவ்வரலாற்றை நாடிச் சென்றதற்குக் காரணம் கூறவேண்டுவதில்லை. போருக்குப் பின்னர் மருத்துவம், உணவு, கல்வி, தாய்சேய் நலம் ஆகிய சமூக சேவைகள் சமாதானத்தைக் கட்டியெழுப்புமா என்ற வினாவுக்குப் பின்லாந்து தந்த விடை நேரானதன்று. ஆயின் மிகவும் தெளிவானது.

1809 முதல் ருஷ்யப் பேரரசின் கீழிருந்த பின்லாந்து 1917 டிசெம்பரிற் சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. அதற்கு இரு மாதம் நிறையுமுன்னரே நாடு இரண்டாகப் பிளந்தது. தென்பகுதி ஆலைத் தொழிலாளரும், கூலி விவசாயிகளும், வாடகைக்கு ஈடாக நிலவுடைமையாளனின் வயலில் நாட்கணக்கில் உழைத்துக் கொடுத்த குத்தகைக் குடியானவர் பலரும் சிவப்பணியினராயினர். நிலமுடைய விவசாயிகளும் மத்தியதர, மேல்தட்டு வர்க்கத்தினரும் தளபதி மானர்ஹைம் தலைமையில் வெள்ளையணியினராயினர். ஜேர்மன் படையின் துணையும் பெற்ற வெள்ளையணி வென்றது. இருதரப்பினரும் கொடுமை புரிந்தனர் என்பது உண்மையே. ஆயினும் சிவப்பணியினர் கொன்றோரின் தொகை சுமார் 1,600. வென்றவர் பழிவாங்கக் கொன்ற தொகையோ அதனைப் பன்மடங்கு விஞ்சியது. ஏறக்குறைய 80,000 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். சுவோமென்லின்னாக் கோட்டையிலும், தம்மிசாரியிலும், ஹமீன்லின்னாவிலும், பிற முகாம்களிலும் அவர்களுள் 12,000 இற்கு மேற்பட்டோர் ஒரு கோடைகாலத்துக்குள்ளும் அதனையடுத்த மாதங்களிலும் உயிர்நீத்தனர்.

இனி, அவர்கள் விட்டுச் சென்ற பெண்களையும் பிள்ளைகளையும் நோக்குவோம்.

சிவப்பணியிற் சேர்ந்து இறந்தோரின் பிள்ளைகள் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்டவராவர். வெள்ளையணியில் வீழ்ந்தவனின் மனைவிக்கு அரசு உபகாரச் சம்பளம் வழங்கியது. சிவப்பணியில் வீழ்ந்தவனின் மனைவியோ ஊர்ச்சபையின் வறியோர் நிவாரண அலுவலகத்துக்குச் செல்லவேண்டியிருந்தது. அங்கே மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தவன், பல இடங்களில், அவளுடைய கணவனைக் காட்டிக்கொடுத்த அதே ஊர்ப் பிரமுகனாகவோ அவனுடைய உறவினனாகவோ இருந்திருத்தல் கூடும். சிற்றூர்களில் வேறு எவ்வாறு இருக்கமுடியும்? அந்நாளைய சட்டப்படி வறியோர் நிவாரணத்தைத் தொடர்ந்து பெற்றவர் வாக்குரிமையை இழந்தார். 1940 களிலேதான் அத்தடை நீக்கப்பட்டது. பெற்ற உதவியும் பின்னர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகக் கொள்ளப்பட்டது. அதாவது, பிள்ளைக்குக் கஞ்சி வாங்கிய தாய் அதன் விலையாகத் தன் குடியுரிமையை அடகு வைத்தாள்.

இதனினும் நுட்பமான ஒரு காரியமும் நடந்தது. தென்பகுதித் தொழிலாளர் நகரங்களில் உணவில்லை. வடமேற்கே ஒஸ்திரோபொத்னியாவின் பண்ணைகளில் உணவுண்டு. எனவே அநாதைப் பிள்ளைகளை அப்பண்ணை வீடுகளுக்கு அனுப்புவோம் என்று அதிகாரிகள் திட்டமிட்டனர். ஒஸ்திரோபொத்னியாவோ வெள்ளைப்படையின் தாயகம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கு அனுப்பப்பட்டனர். பசி தீர்க்கும் நோக்கம் பொய்யன்று. சில பிள்ளைகள் அன்பான வீடுகளில் வளர்ந்ததும் பொய்யன்று. ஆயின் தந்தையின் கொள்கையைப் பிள்ளையின் உள்ளத்தினின்றும் களைந்து ‘நல்ல பிரசைகளாக’ வளர்த்தெடுக்கும் நோக்கமும் உடனிருந்தது. சேவை என்பது சில வேளைகளில் போரின் தொடர்ச்சியாகவும் அமைந்துவிடுகின்றது. தாய் உயிரோடிருக்கையிலே பிள்ளையைக் கொண்டுசெல்வதைக் கருணை என்று பெயரிட்டு அழைத்தோர் அன்றும் இருந்தனர்.

1920 ஒக்டோபரிலே ஒரு சங்கம் தோன்றியது. அதன் பெயர் தளபதி மானர்ஹைம் சிறுவர் நலச் சங்கம். பெயரைக் கேட்டவுடனே, முகாமிலே கணவனை இழந்தவள் முகஞ்சுளித்திருந்தால் அவளைக் குறைகூற முடியுமா? வென்ற தளபதியின் பெயராலேயே, தோற்றவரின் பிள்ளைகளுக்கும் பால் வந்தது. சங்கத்தை முன்னின்று நடத்தியவர் தளபதியின் தமக்கை சோபி மானர்ஹைம். இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிற் பயின்ற தாதி அவர். திக்கற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென 1918 இலேயே ஹெல்சிங்கியில் ஓர் இல்லத்தை நிறுவியவர். அவரோடு சேர்ந்தவர் ஆர்வோ யூல்ப்போ என்ற இளம் மருத்துவர். பேர்லினிற் குழந்தை மருத்துவம் ஆராய்ந்து 1920 இல் நாடு திரும்பியவர். (இவர் 1992 வரை, நூற்றுநான்கு வயது வரை, வாழ்ந்தார் என்பது குழந்தை மருத்துவருக்குப் பொருத்தமான செய்தியே.) அக்காலத்திலே பின்லாந்தில் பிறந்த நூறு குழந்தைகளில் ஏறத்தாழப் பத்துக் குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அக்குழந்தைகளுள் வெள்ளையும் சிவப்பும் இல்லை. யூல்ப்போவின் தராசும் நிறத்தை நிறுக்கவில்லை.

1922 இல் ஹெல்சிங்கியில் முதலாவது குழந்தை நல நிலையம் திறக்கப்பட்டது. ‘நெவுவொலா’, அதாவது ஆலோசனை கூறும் இடம், என்று மக்கள் அதனை அழைத்தனர். குழந்தையை நிறுப்பதும், தாய்ப்பாலூட்டும் முறையைக் கூறுவதும், அடுத்த மாதம் மீண்டும் வரச்சொல்வதுமே அங்கு நடந்தன. அரசியல் அங்கு பேசப்படவில்லை. பேசப்படாமை ஒருவகையில் நன்மையாயிற்று. மற்றொரு வகையில் அது மௌனத்தின் தொடக்கமுமாயிற்று. இதனைப் பின்னர் நோக்குவோம்.

தொழிலாளர் குடியிருப்புகளினுள்ளேயே சென்று வாழ்ந்து பணிபுரியவேண்டும் என்று எண்ணியோரும் இருந்தனர். இலண்டனிற் கப்பலோட்டிகளிடையே பணியாற்றிய சிகுபிரிட் சிரேனியஸ் என்ற பாதிரியார் 1919 இல் ஹெல்சிங்கியின் தொழிலாளர் பகுதியிலே கல்லியோலா என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினார். இரு தரப்பாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உரையாடவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஆனால், பால் புட்டியும் உரையாடலும் மாத்திரமே இப்பகையை ஆற்றின என்று எழுதுவோமாயின் அது வரலாறாகாது. தரும ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கையாகிவிடும். போர் மூண்டதன் மூலகாரணங்களில் ஒன்று நிலம். 1918 ஒக்டோபரிலேயே குத்தகைக் குடியானவர் தாம் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1922 இல் கியோஸ்தி கல்லியோவின் பெயரால் வழங்கும் நிலச் சட்டம், நிலமற்றோருக்கும் காணி பெறும் வாய்ப்பளித்தது. கல்லியோ வெள்ளையணியைச் சார்ந்த விவசாயி. எனினும் 1918 மே மாதத்திலேயே, வெற்றிக் களிப்பின் நடுவில், சிவப்பரும் வெள்ளையரும் என்ற பேதமற்ற நாட்டை ஆக்கவேண்டும் எனத் தம் ஊர்த் தேவாலயத்திற் பேசியவர். 1919 மார்ச்சுத் தேர்தலிலே சமூக ஜனநாயகக் கட்சி பங்குகொள்ள அனுமதிக்கப்பட்டு, 200 ஆசனங்களில் 80 ஐப் பெற்றது. போரில் தோற்றவர் பத்து மாதங்களின் பின் பாராளுமன்றத்தில் அமர்ந்தனர் என்பதை எண்ணிப்பார்க்க. 1921 இற் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது.

1926 டிசெம்பரில் வைனோ தன்னர் தலைமையிற் சமூக ஜனநாயக அரசாங்கம் அமைந்தபோது, சமூகநலத் துறையின் துணை அமைச்சராக மீனா சில்லன்பா பதவியேற்றார். நாட்டின் முதற் பெண் அமைச்சர் அவர். பன்னிரண்டு வயதில் ஆலைக்குச் சென்றவர். பின்னர் வீட்டு வேலைக்காரியாக உழைத்தவர். பின்னர் வேலைக்காரப் பெண்களுக்குச் சங்கம் அமைத்தவர். வறியோர் நிவாரண மேசையின் மறுபுறத்தே நின்று பழகிய வர்க்கத்தின் மகளொருத்தி, அம்மேசையையே மாற்றியமைக்கும் இடத்துக்கு வந்தாள். சமூக சேவை யாருடைய கையினின்று வருகின்றது என்பது, எவ்வளவு வருகின்றது என்பதைப் போன்றே முக்கியமானது. அவ்வரசாங்கம் ஓராண்டே நீடித்தது. ஆயினும் சிறையில் எஞ்சியிருந்த சிவப்பணிக் கைதிகள் 1927 இல் மன்னிப்புப் பெற்றனர்.

பாதை நேரானதன்று என்று முன்னரே கூறினோம். 1929 முதல் 1932 வரை லப்புவா இயக்கத்தினர் இடதுசாரிகளைக் கடத்தியும் அடித்தும் பழைய பகையைக் கிளறினர். கம்யூனிஸ்டுகள் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டனர்.

1937 இலேதான் விவசாயிகள் கட்சியும் சமூக ஜனநாயகவாதிகளும் இணைந்து ஆட்சியமைத்தனர். அவ்வாண்டிலே மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறியது. 1938 முதல் ஏழைத் தாய்மாருக்குக் குழந்தை ஆடைகளும் துணிகளும் கொண்ட பொதி வழங்கப்பட்டது. 1944 இல் ஒவ்வோர் ஊர்ச்சபையும் தாய்சேய் நல நிலையமும் மருத்துவிச்சியும் கொண்டிருத்தல் சட்டக் கடமையாயிற்று. 1949 இல் அப்பொதி வருமான வேறுபாடின்றி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரிடமோ நல நிலையத்திலோ காட்டவேண்டும் என்பதே நிபந்தனை. 1948 இற் பதினாறு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவிப்பணம் வந்தது. 1943 இல் இயற்றப்பட்ட பாடசாலை உணவுச் சட்டம், ஊர்ச்சபைகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் அளித்து, அதே 1948 இல் நடைமுறைக்கு வந்தது. எல்லா மாணவருக்கும் இலவச உணவு. பதிலாக மாணவர்கள் காட்டுப் பழங்கள் பறித்தும் தோட்டத்தில் உழைத்தும் பாடசாலைச் சமையலறைக்கு உதவவேண்டும்.

இங்கே சிறிது நிற்போம். பாடசாலையிற் கஞ்சி வார்ப்பது பின்லாந்துக்குப் புதியதன்று. இச்சட்டத்துக்கு நெடுங்காலம் முன்னரே ஏழைப் பிள்ளைகளுக்கு அது வழங்கப்பட்டு வந்தது. புதியது ‘எல்லோருக்கும்’ என்ற ஒரு சொல். வகுப்பறையிலே, உதவி வேண்டுவோர் எழுந்து நில்லுங்கள் என்று ஆசிரியர் கூறும்போது எழும் பிள்ளைகளின் முகத்தைக் கண்டவர்கள் அச்சொல்லின் பெறுமதியை அறிவர். உண்மையில் மிகவும் தேவையுள்ள பிள்ளை எழுந்து நிற்பதேயில்லை. 1918 இற் சுடப்பட்டவனின் பேரனும் சுட்டவனின் பேரனும் ஒரே பாத்திரத்தினின்று உண்டபோது, எவனும் எழுந்து நிற்கவேண்டியிருக்கவில்லை. முப்பதாண்டுகளாக வழங்கிய உதவிக்கும் இதற்குமுள்ள வேறுபாடு அளவினாலானதன்று. முன்னையது தோற்றவனுக்கு அவன் தோற்றதை நாள்தோறும் நினைவூட்டியது, பின்னையது நினைவூட்டவில்லை.

1939 நவம்பரிற் சோவியத் படையெடுப்பு நேர்ந்தபோது தொழிலாளரும் விவசாயிகளும் ஒருமித்து நின்றதை வரலாற்றாசிரியர் வியந்து கூறுவர். வெளிப்பகை உள்ளொற்றுமையை வளர்த்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் இழப்பதற்குச் சிறிது காணியும், வாக்குச் சீட்டும், குழந்தையை நிறுக்கும் நிலையமும் இல்லாதவனிடம் அவ்வொற்றுமையை எதிர்பார்த்திருக்க இயலாது. வெள்ளையணியின் வெற்றிவிழாவான மே 16 ஆம் நாளைக் கைவிட்டு, இரு தரப்பிலும் மாண்டோரை நினைவுகூரும் நாளொன்றை 1940 இல் ஏற்படுத்தியவர் அதே தளபதி மானர்ஹைமே. போரினாற் பெயர்ந்த 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கரேலிய மக்களுக்கு 1945 ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி காணியும் வழங்கப்பட்டது.

நல நிலையத்தின் மௌனத்தைக் குறிப்பிட்டோம். தராசு குழந்தையைக் காத்தது. ஆனால் தகப்பன் எங்கே புதைக்கப்பட்டான் என்ற வினாவுக்கு அதனிடம் விடையில்லை. தோற்றவரின் புதைகுழிகள் நெடுங்காலம் கல்லின்றிக் கிடந்தன. பாட நூல்கள் வென்றவரின் கதையையே கூறின. 1959 முதல் 1962 வரை வைனோ லின்னா, ஒரு குத்தகைக் குடியானவன் குடும்பத்தின் கதையை மூன்று பெரும் பாகங்களாக எழுதியபோதுதான், தோற்றவர் பக்கத்து நியாயம் நாடெங்கும் பேசப்படலாயிற்று. பேராசிரியர்கள் வெகுண்டனர், மக்கள் வாங்கிப் படித்தனர். முகாம்களில் அடைக்கப்பட்டோருக்கு அரசு நட்டஈடு வழங்கும் சட்டம் 1973 இல் வந்தது. 1918 இல் இருபது வயது இளைஞனாக முகாமுக்குச் சென்று உயிர்தப்பியவனுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. நிவாரண மேசையின்முன் நின்ற விதவைகளிற் பெரும்பாலோர் அதற்கு முன்னரே இறந்துபோயினர்.