ரப்பரும் உலோகமும்: பழம்பொருள்களுக்குப் பசை தேர்வது எப்படி?

பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பெரும்பாலான பொருள்களில் முதலில் கெடுவது ரப்பர்தான். உலோகம் மங்கும், துருப்பிடிக்கும், ஆனாலும் நிற்கும். ரப்பரோ கல்லாக இறுகிவிடும், அல்லது பிசுபிசுவென்று கசியும், அல்லது ஒட்டியிருந்த இடத்தை விட்டுக் கழன்று விழும். முதல் இரண்டு நோய்க்கும் பசையில் மருந்தில்லை. மாற்று ரப்பர்தான் தேடவேண்டும். மூன்றாவதற்கு மட்டுமே இக்கட்டுரை.

இங்கே நம் வீடுகளில் இப்படிப்பட்ட பொருள்கள் நிறையவே இருக்கின்றன. ஊரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த தாத்தாவின் மைப்பேனா, அப்பாவின் கேமரா, கராஜ் சேலில் இரண்டு டாலருக்குக் கிடைத்த பழைய டிங்கி கார். இவற்றைப் பழுதுபார்க்க முனையும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான பசை எது?" எந்திரவியலில் முதுகலை படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். படித்த படிப்பும் செய்யும் தொழிலும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: வலிமையைப் பிறகு பார்க்கலாம், ஒட்டியதைப் பின்னால் பிரிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஏன் ஒட்ட மறுக்கிறது?

ஒரு திரவம் ஒரு பரப்பில் நன்றாகப் பரவினால்தான் அங்கே பசையாக வேலை செய்யும். சுத்தமான உலோகத்தின் பரப்பு ஆற்றல் அதிகம். பசை அதன்மேல் தானாகவே பரவும். ரப்பரின் பரப்பு ஆற்றல் குறைவு; தாமரை இலைத் தண்ணீர்போல் பசை திரண்டு நிற்கப் பார்க்கும். போதாக்குறைக்கு, ரப்பரில் கலந்த மெழுகும் எண்ணெயும் மிகுதியான கந்தகமும் வருடக்கணக்கில் மெல்ல மேலே கசிந்து படலமாகப் படிந்திருக்கும். நாம் ரப்பரில் ஒட்டுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு சிக்கல் வெப்பம். ரப்பர் வெப்பத்தில் விரியும் அளவு எஃகு விரிவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கோடையில் கொதிக்கும் மேல்மாடப் பரணிலும், பனிக்காலத்தில் உறையும் கராஜிலும் வைத்த பொருளில், ஒட்டிய இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இடையிலுள்ள பசைக்கு வளைந்துகொடுக்கும் குணம் இல்லையென்றால் கதை முடிந்தது.

அப்படியானால் கார் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் எப்படி உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது? அங்கே ஒட்டுவதே வேறு விதம். உலோகத்தின்மேல் தனிப் பூச்சு தடவி, பச்சை ரப்பரை அச்சில் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து வல்கனைஸ் செய்யும்போதே பிணைப்பும் உண்டாகிறது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்குப் பித்தளைப் பூச்சு கொடுப்பதும் இதற்காகவே. ரப்பரிலுள்ள கந்தகம் பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிந்து இரண்டையும் கட்டிப்போடுகிறது. ஏற்கனவே வெந்த ரப்பரை வீட்டு மேசையில் வைத்து அந்த அளவுக்கு ஒட்ட முடியாது. பழம்பொருளுக்கு அது தேவையுமில்லை.

பசை வகைகள்

சூப்பர் குளூ: ஊரில் ஃபெவிக்விக். வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1958ல் சந்தைக்கு வந்தது. ரப்பரை நொடியில் பிடிக்கும். ஆனால் காய்ந்தபின் கண்ணாடிபோல் முறியும். நேராக இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுவிடும். ரப்பர் எப்போதுமே ஓரத்திலிருந்துதான் உரிகிறது. காயும்போது கிளம்பும் ஆவி, பக்கத்திலுள்ள பெயிண்டிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். இதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் சேர்த்துக் கரைக்கும். ரப்பர் துகள் கலந்த கறுப்பு வகை ஒன்று உண்டு. அது இதைவிட வளைந்துகொடுக்கும்.

கான்டாக்ட் சிமெண்ட்: செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் நியோப்ரீன் பசை. இரண்டு பரப்பிலும் மெல்லத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒரே அழுத்தாக அழுத்தவேண்டும். எவ்வளவு நேரம் பிடித்திருந்தோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே இங்கே முக்கியம். வைத்தபின் நகர்த்த முடியாது. ரப்பரோடு சேர்ந்து வளையும். பின்னால் கரைப்பானில் மென்மையாக்கி உருட்டி எடுக்கவும் முடியும். ரப்பரையும் உலோகத்தையும் ஒட்டுவதற்கு என் பொதுவான தேர்வு இதுதான். சைக்கிள் பஞ்சர் கடைச் சொல்யூஷன் வேறு. அது ரப்பரோடு ரப்பரைச் சேர்ப்பதற்கு.

எபாக்ஸி: அரால்டைட் வகை. உலோகத்தோடு உலோகம் ஒட்ட இதற்கு இணையில்லை. மென்மையான ரப்பருக்கு இது அதிக விறைப்பு. பிரிப்பதும் பெரும்பாடு.

சிலிக்கோன்: காயும்போது வினிகர் வாசம் அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. துத்தநாகம், ஈயம், செம்பு, பித்தளை எதன் அருகிலும் அதைக் கொண்டுபோகாதீர்கள். நடுநிலை வகை என்று குறிப்பிட்டு விற்பது உலோகத்தை அரிக்காது. ஆனால் எந்த வகையானாலும் மிச்சப்படலம் விடும். அதன்மேல் பிறகு வேறு பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. ரப்பரே சிலிக்கோனாக இருந்தால் மட்டும் வேறு வழியில்லை. அதில் சிலிக்கோன் பசை தவிர மற்றவை பெரும்பாலும் நிற்பதில்லை.

அரக்கு: பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய அதே அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் அரக்குப்பூச்சி சுரப்பது. சாராயத்தில் கரையும், சூட்டில் இளகும். மைப்பேனாவின் ரப்பர்ப் பையைக் கழுத்தோடு ஒட்ட, பேனா பழுதுபார்ப்பவர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த முறை பை கெட்டால், முடி உலர்த்தியின் இளஞ்சூடு போதும், கழன்றுவிடும். அங்கே எபாக்ஸி போட்டவரின் பேனாவில், பையை எடுக்கும்போது கழுத்தும் உடையும்.

பாரலாய்ட் பி-72: அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களின் தோழன். அசிட்டோனில் கரையும் அக்ரிலிக் பிசின். இதைத் தனியாகப் பயன்படுத்துவதோடு இன்னொரு உபாயமும் உண்டு. வெற்று உலோகத்தில் முதலில் இதை ஒரு கோட்டு பூசிக் காயவிட்டு, மேலே வலிமையான பசையைப் போடலாம். பின்னால் பிரிக்க நேர்ந்தால், அசிட்டோன் அடிப்படலத்தைக் கரைத்து எல்லாவற்றையும் விடுவிக்கும். சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடக் கூடாது.

எந்தப் பொருளுக்கு எது?

டிங்கி, கார்கி போன்ற கார்களில் ரப்பர் டயர், உலோகச் சக்கரத்தைத் தன் இழுவிசையாலேயே பற்றிக்கொண்டிருக்கிறது. பசையே வேண்டாம். சரியான அளவில் மாற்று டயர் போடுங்கள். பழைய அசல் டயர்தான் வேண்டும், ஆனால் தொளதொளவென்று இருக்கிறது என்றால், உள்ளே மெல்லிய டேப் ஒரு சுற்றுப் போதும். வண்டியின் உடல் துத்தநாகக் கலவை என்பதால் வினிகர் வாசச் சிலிக்கோன் கூடவே கூடாது.

கேமரா லென்ஸின் ரப்பர்ப் பட்டை எண்ணெயை உறிஞ்சி உப்பித் தளர்வது சகஜம். இங்கே திரவப் பசை ஆபத்து. சுழலும் வளையத்துக்குள் ஒரு சொட்டு இறங்கினால் லென்ஸ் பூட்டிக்கொள்ளும். மெல்லிய இருபக்க டேப்பே சரி. அக்ரிலிக் பசையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பசையுள்ள டேப் சில வருடங்களில் மஞ்சளாகிக் கூழாகிவிடும்.

கரார்ட் 301 போன்ற பழைய இசைத்தட்டுச் சுழலிகளின் ரப்பர் விளிம்புச் சக்கரம் வேறு சாதி. அது ஓடும்போது சுமை தாங்குகிறது. மயிரிழை கோணலானாலும் பாட்டோடு சேர்ந்து கேட்கும். அதை மறுவார்ப்புச் செய்பவர்களிடம் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

வெள்ளி, பித்தளை, செம்புப் பொருள்களில் இன்னொரு எச்சரிக்கை. ரப்பரிலுள்ள கந்தகம் இவற்றைக் கறுக்கவைக்கும். பதிலுக்குச் செம்பு, இயற்கை ரப்பர் சிதைவதை வேகப்படுத்தும். இடையில் ஒரு படலம் பிசின் இருந்தால் இரண்டுக்கும் நல்லது.

செய்முறை

முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதனை. பிறகு ரப்பரின் ஒட்டும் பக்கத்தை 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். உலோகத்தையும் துடைக்கலாம்; ஆனால் அசல் பெயிண்டையோ முலாமையோ உப்புத்தாளால் தொடாதீர்கள், பொருளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. துடைத்த இடத்தில் விரல் படக்கூடாது. பசை மெல்லிய படலமாக இருக்கட்டும். நூலாலோ ரப்பர் பாண்டாலோ கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கான்டாக்ட் சிமெண்டின் ஆவி குழந்தைகள் இருக்கும் அறைக்கு ஆகாது.

எங்கள் தொழிலில் எந்த மாற்றம் செய்தாலும் முந்தைய நிலைக்குத் திரும்ப வழி வைத்துக்கொண்டுதான் கைவைப்போம். என்ன மாற்றினோம் என்று எழுதியும் வைப்போம். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களின் விதியும் இதுவேதான். தாத்தாவின் பேனா அவருக்குப் பின் நம்மிடம் வந்தது, நமக்குப் பின் இன்னொருவரிடம் போகும். அதற்குள் நாம் இன்று ஒட்டும் பசையும் கிழடுதட்டியிருக்கும். யாரோ ஒருவர் அதைப் பிரிக்க வேண்டிவரும். ஆகவே என்ன பசை, எந்தத் தேதி, எதில் கரையும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தப் பொருளின் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.