புனைவும் வரலாறும்: ஜோன் போர்ட்டின் ஒரு திரைப்படத்திற் கதை கூறும் ஒழுங்கு

ஐக்கிய அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, நாட்டின் மேற்கே தொடர்ச்சியான எல்லைப்புறக் கோடு என ஒன்றை இனிக் காட்ட இயலாது என்று கூறிற்று. மூன்றாண்டுகளின் பின், 1893 இல், சிக்காகோவிற் கூடிய வரலாற்றாசிரியர் மாநாட்டில், அவ்வெல்லைப்புற வாழ்வே அமெரிக்க மக்களாட்சியை உருவாக்கியது என்னும் கருத்தைப் பிரெடெரிக் ஜாக்சன் ரேணர் முன்வைத்தார். எல்லைப்புறம் மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே அது பற்றிய கதைகள் பெருகலாயின. இருபதாம் நூற்றாண்டில் அக்கதைகளைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற முதன்மைச் சாதனம் திரைப்படமாகும். துப்பாக்கி ஏந்திய வீரன் ஒருவன் தீயோனை வீழ்த்த, அவ்விடத்திற் சட்டமும் ஒழுங்கும் தோன்றும் என்பதே 'வெஸ்ரேர்ண்' என வழங்கும் அப்படங்கள் பலவற்றின் சாரம்.

இவ்வகைப் படங்களுக்கு உருக்கொடுத்தோருள் தலையாயவர் ஜோன் போர்ட். அவர் 1962 இல் நெறியாண்ட 'லிபர்ட்டி வலன்ஸைச் சுட்ட மனிதன்' அச்சாரத்தையே விசாரணைக்கு உட்படுத்துகின்றது. டொரதி ஜோன்சன் 1949 இல் வெளியிட்ட சிறுகதையொன்றைத் தழுவிய இப்படம், அவ்விசாரணையைப் பாத்திரங்களின் வாதங்களால் நடத்துவதிலும் பார்க்க, நிகழ்ச்சிகளை முன்பின்னாக அடுக்கிய முறையாலேயே நடத்துகின்றது எனலாம்.

கதையை முதலிற் காலவரிசையில் நோக்குவோம். ரான்சம் ஸ்ரொடாட் என்னும் இளம் சட்டத்தரணி ஷின்போன் என்ற சிற்றூரை நோக்கி வரும் வழியில், லிபர்ட்டி வலன்ஸ் என்னும் கொடியவனால் அடித்து வீழ்த்தப்படுகின்றான். அவனைக் காப்பாற்றி ஊருக்குக் கொண்டு வருபவன் ரொம் டொனிபன். ஊரில் வலன்ஸ் அஞ்சும் ஒரேயொரு மனிதன் அவனே. உணவுச்சாலையில் வேலை செய்யும் ஹலியை மணந்துகொள்ளும் எண்ணத்துடன் அவன் தன் வீட்டைப் பெருப்பித்துக் கட்டிவருகின்றான். அப்பிரதேசம் ஒரு மாநிலமாக அமைவதை எதிர்க்கும் பெருங்கால்நடைப் பண்ணையாளரின் கூலியாளாக வலன்ஸ் செயற்படுகின்றான். ஈற்றில் ஸ்ரொடாட் அவனை வீதியில் எதிர்கொள்ள, வலன்ஸ் சுடப்பட்டு இறக்கின்றான். அப்புகழே ஸ்ரொடாட்டை ஆளுநராகவும் செனற்றராகவும் பிரித்தானியாவுக்கான தூதுவராகவும் உயர்த்துகின்றது. ஹலியும் அவன் மனைவியாகின்றாள். ஆனால் வலன்ஸைக் கொன்ற குண்டு, இருளில் மறைந்து நின்ற ரொம் டொனிபனின் துப்பாக்கியிலிருந்து வந்ததாகும்.

படம் இவ்வரிசையைப் பின்பற்றவில்லை. முதிய செனற்றரும் மனைவியும் ரொம்மின் இறுதிச் சடங்குக்காகப் புகையிரதத்தில் வந்திறங்குவதுடன் அது தொடங்குகின்றது. ரொம் எளிய மரப்பெட்டியொன்றிற் கிடத்தப்பட்டுள்ளான். அவனது காலணிகளும் கழற்றப்பட்டுவிட்டன. அவன் யார் என்பது ஊர்ப் பத்திரிகையாளருக்கே தெரியவில்லை. அவர்களுக்கு விடை கூறும் முகமாகவே செனற்றர் பழங்கதையைத் தொடங்குகின்றார்.

இவ்வொழுங்கின் முதல் விளைவு எளிதிற் புலப்படும். ரொம்மின் முடிவைக் கண்ட பின்னரே பார்வையாளர் அவனது வலிமையைக் காண்கின்றனர். ஜோன் வெயின் அப்பாத்திரத்திற் பெருமிதத்துடன் தோன்றும் ஒவ்வொரு காட்சியின் பின்னாலும் அம்மரப்பெட்டி நிற்கின்றது. கதை கூறுபவர் உயிருடன் இருப்பதால், ஸ்ரொடாட் பிழைப்பானா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. வெல்பவன் யார் என்ற கேள்வியின் இடத்தை, வலியவன் ஏன் மறக்கப்பட்டான் என்ற கேள்வி பிடித்துக்கொள்கின்றது. இது வீரகதையின் கேள்வியன்று, வரலாற்றின் கேள்வி.

இரண்டாவது விளைவு இதனினும் ஆழமானது. வீதிச் சண்டை படத்தில் இருமுறை காட்டப்படுகின்றது. முதன்முறை, காயமுற்ற ஸ்ரொடாட் இடக்கையாற் சுட, வலன்ஸ் வீழ்கின்றான். பார்வையாளர் மகிழ்கின்றனர், ஊரவரோடு சேர்ந்து அவர்களும் அதை நம்புகின்றனர். அதன் பின், ஹலியின் மனம் ஸ்ரொடாட்டிடம் சென்றதை உணர்ந்த ரொம், குடிவெறியில் தன் வீட்டைக் கொளுத்துகின்றான். காதலில் தோற்றவனின் துயராகவே இக்காட்சி விளங்குகின்றது. மாநில அமைப்புக்கான மாநாட்டிலேதான் உண்மை வெளிப்படுகின்றது. ஒருவனைக் கொன்றவன் என்ற பழிக்கு அஞ்சி வெளியேறும் ஸ்ரொடாட்டிடம், நடந்ததை ரொம் கூறுகின்றான். அப்போது அதே சண்டை பக்கத்து ஒழுங்கையிலிருந்து மீண்டும் காட்டப்படுகின்றது. பொம்பி என்னும் கறுப்பினத் துணைவன் துப்பாக்கியை எறிய, ரொம் அதை ஏந்திச் சுடுகின்றான். முன்பு நேர்மையான சண்டையாகத் தோன்றியது மறைந்திருந்து செய்த கொலையாக மாறுகின்றது. ரொம்மே அதைக் கொலை என்றுதான் சொல்கின்றான். எரிந்த வீட்டின் பொருளும் உடன் மாறிவிடுகின்றது: தன் வாழ்வைப் பறிக்கப்போகின்றவனையே அவன் காப்பாற்றியிருக்கின்றான்.

உண்மை முன்னரே கூறப்பட்டிருப்பின், பார்வையாளர் ஊரவரின் மயக்கத்தை வெளியிலிருந்து நோக்கும் நீதிபதிகளாக இருந்திருப்பர். போர்ட்டே 1948 இல் நெறியாண்ட 'அப்பாச்சிக் கோட்டை' இதற்குத் தக்க ஒப்பீடாகும். அங்கே சேர்ஸ்டே என்னும் தளபதியின் அகந்தையால் அவனது படை அழிவதைப் பார்வையாளர் நேரிற் காண்கின்றனர். அதன் பின்னரே அவனைத் துணையதிகாரி பத்திரிகையாளர் முன் வீரனாக ஏற்றுக்கொள்கின்றான். பொய் சொல்லப்படும்போது அது பொய் என்பது பார்வையாளருக்குத் தெரியும். 1962 இன் படத்திலோ பொய்யை முதலில் நம்பியவர்கள் அவர்களே. வலன்ஸின் வீழ்ச்சியில் அடைந்த மகிழ்ச்சியை அவர்கள் திரும்பப் பெற முடியாது. ஆகவே புனைவைக் கண்டிக்கும் உரிமையுடன், அதிற் பங்குகொண்ட பொறுப்பும் அவர்களைச் சேர்கின்றது.

உண்மை வெளிப்படும் இடமும் ஈண்டு நோக்கற்பாலது. ரொம் அதைக் கூறுவது புனைவைத் தகர்ப்பதற்காக அன்று. ஸ்ரொடாட் மன உறுத்தலின்றி மாநாட்டுக்குத் திரும்பி, அப்புனைவின் பயனை ஏற்றுக்கொள்வதற்காகவே. அக்கணம் வரை ஸ்ரொடாட் அறியாமையால் புகழ் பெற்றவன். அதன் பின் அறிந்தே பெற்றவன். சட்டத்தின் ஆட்சி, சட்டத்துக்குப் புறம்பான ஒரு கொலையின் மீதும், அது பற்றிய மௌனத்தின் மீதும் எழுப்பப்படுகின்றது.

அம்மௌனத்தின் ஆழத்தைப் பொம்பியே அளந்து காட்டுகின்றான். ஊர் நம்பிய முதற் காட்சியில் ரொம்மும் இல்லை, பொம்பியும் இல்லை. திருத்தப்பட்ட காட்சியில், துப்பாக்கியை எறிந்த கை பொம்பியுடையது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற சுதந்திரப் பிரகடனத்தின் கூற்றை, ஸ்ரொடாட்டின் வகுப்பில் நினைவுக்குக் கொண்டுவரத் தடுமாறுபவனும் அவனே. முதுமையில் ரொம்மின் பெட்டியருகே அவன் அமர்ந்திருக்கின்றான். பத்திரிகையாளர் செனற்றரிடமே கதை கேட்கின்றனர். நடந்ததைக் கண்ட இன்னொருவன் அருகிலேயே இருந்தும், வரலாறு புகழ்பெற்றவரின் வாய்மொழியாகவே பதிவாகின்றது.

அப்பதிவும் நிலைக்கவில்லை. முழுக் கதையையும் கேட்ட பத்திராதிபர், மேற்கில் புனைவே உண்மையாக நிலைபெற்றுவிட்டதாயின் அதனையே அச்சிட வேண்டும் என்ற கருத்திற் குறிப்புகளை அழித்துவிடுகின்றார். பத்திரிகை மறைத்ததைப் படம் காட்டிவிட்டது. போர்ட் புனைவை ஆதரிக்கின்றார் என்போர் இம்முரணைக் கருத்திற் கொள்ளவேண்டும். திரும்பும் புகையிரதத்தில், வலன்ஸைச் சுட்டவருக்காக எதையும் செய்யலாம் என்று ஊழியர் ஒருவர் செனற்றரைப் புகழ்கின்றார். செனற்றர் வாயடைத்துப்போகின்றார். படத்தின் நடுப்பகுதியில் அப்புகழுரையை எந்தப் பார்வையாளரும் மனமார ஏற்றிருப்பார். இறுதியில் அதே சொற்கள் தண்டனைபோல் ஒலிக்கின்றன. சொற்கள் மாறவில்லை, அவற்றுக்கு முன் வைக்கப்பட்டவையே மாறியுள்ளன. ஒரு வரலாற்றைக் கேட்போர், எது கூறப்பட்டது என்பதுடன், எதை அறிவதற்கு முன் எதை நம்பவைக்கப்பட்டோம் என்பதையும் வினவவேண்டும் என்பதே இப்படம் தரும் பாடமாகும்.