பொலிஸிடம் சொன்ன வார்த்தை

மலர்க்குழுவினர் ஊர் வரலாறு கேட்டார்கள். நான் எழுதுவது ஒரு சட்டவிதியின் வரலாறு. றொசல்லக்காரருக்கு அதுவும் ஊர் வரலாறுதான். பொலிஸ் பிடித்துப்போன மகனுக்குப் பிணை தேடி அட்டனுக்கு ரயிலேறிய தாய்மார் எத்தனை பேர்!

எங்கள் முன்னோர் கோப்பிக் காட்டுக்கு வந்துகொண்டிருந்த காலம். 1855இல் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சர்க்கார் சேவகர்கள் குடியானவர்களைச் சித்திரவதை செய்ததை அது எழுதிவைத்தது. 1861இல் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது. சட்ட அறிஞர் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டமும் அதையே சொன்னது. அதைப் பின்பற்றி, 1895இல் இலங்கையின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களை விட்டு வந்தவர்களின் பின்னாலேயே அந்தக் காவலும் கடல் தாண்டி வந்தது.

25ஆம் பிரிவின்படி, பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 26ஆம் பிரிவு, காவலில் இருப்பவர் யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதவான் நேரில் இல்லாவிட்டால் ஏற்காது. என் மனம் நிற்பது 24இல். அதிகாரத்திலுள்ள எவரும் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதலை அது தள்ளிவிடுகிறது. வேலையும் லயத்துக் கூரையும் துரையின் கையில் இருந்த தோட்டத்தில் "அதிகாரத்திலுள்ளவர்" என்ற சொல்லின் கனம் எங்களுக்குத் தெரியும்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் செல்லும் என்றது 16ஆம் பிரிவு. அடித்து வாங்கினார்கள் என்றால், அதை எதிரியே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? மலையக இளைஞர் பலரும் இச்சட்டத்தின் கீழ் உள்ளே கிடந்தார்கள்.

இச்சட்டத்தின் கீழ் நடந்த சிங்கராசா வழக்கை மறக்க முடியவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த தொழிலாளி அவர். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம். அதை வைத்தே 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கூறியது. அதன்பேரில் தீர்ப்பை மீளாய்வு செய்ய 2006இல் உயர் நீதிமன்றம் மறுத்தது.

2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 16ஆம் பிரிவை நீக்கவில்லை.