நாலு ஸ்பேஸ், ஒரு டேப்

ஒரு கற்பனை கம்பெனி. மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் போட பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊழியராக எடு. இரவு ஷிப்ட் பார்த்தவரென்றால் கூடுதல் படியைச் சேர். பிறகு ஆளைப் பட்டியலில் எழுது. அவ்வளவுதான் விஷயம். ஓட்டிப் பார்த்தால் இரவு ஷிப்ட் ஆசாமிகளுக்கு மட்டும்தான் சம்பளம்! பகலில் உழைத்தவர்கள் பெயரே இல்லை. திரையில் தேடினால் ஒரு தப்பும் தெரியாது. எல்லா வரியும் அதனதன் இடத்தில் சமர்த்தாக நிற்கும்.

குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் டேப்.

கதை ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பிக்கிறது. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறை. அங்குள்ள கணித, கணினி ஆய்வு மையத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராஸம் என்கிற டச்சுக்காரர், பொழுதுபோகாமல் ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியை எழுத உட்கார்ந்தார். 1991 பிப்ரவரியில் வெளியே விட்டார். அதுதான் பைத்தான்.

சி மாதிரியான மொழிகளில், இந்த வேலை இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று சொல்ல அடைப்புக்குறி போடுவார்கள். கைடோ அதைத் தூக்கிவிட்டார். ஒரு வரி இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே போதும். ஏற்கெனவே அவர் வேலை பார்த்த ஏபிசி என்ற மொழியில் இருந்த யோசனைதான். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகையை உள்ளே தள்ளி எழுதினால் ஓர் அர்த்தம், வெளி வரிசையில் எழுதினால் வேறு அர்த்தம். இடம் மாறினால் ஆடிட்டர் அடிக்க வருவார்.

நல்ல யோசனை. ஒரே ஒரு ஓட்டை. ஸ்பேஸ் அடித்தால் ஓர் எழுத்தின் இடம். சரி. டேப் அடித்தால்? அதற்கு நிரந்தர நீளம் கிடையாது. டைப்ரைட்டர் காலத்திலிருந்தே அப்படித்தான். அவரவர் வைத்ததுதான் அளவு. பழைய டெர்மினல்களில் எட்டு எழுத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. எடிட்டரில் அதை நாலாக வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். ஆனால் பழைய பைத்தான் எட்டாகத்தான் எண்ணும். நம் கம்பெனியில் நடந்தது இதுதான். படியைச் சேர்க்கும் வரி எட்டு ஸ்பேஸ் தள்ளி இருந்தது. பட்டியலில் எழுதும் வரிக்கு யாரோ ஒரு டேப் தட்டிவிட்டார்கள். திரையில் அது நாலு இடம்தான் தள்ளித் தெரியும். பைத்தான் கண்ணுக்கு எட்டு. ஆக, இரவு ஷிப்ட் என்ற நிபந்தனைக்குள் அதுவும் சிக்கிக்கொண்டது.

2001-ல் கைடோவும் சகாக்களும் ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டார்கள். பெப் எட்டு என்பார்கள். நாலு ஸ்பேஸ் விடுங்கள், டேப் வேண்டாம் என்றது அது. யார் கேட்கிறார்கள்? கடைசியில் 2008 டிசம்பரில் வந்த பைத்தான் மூன்று, இரண்டையும் குழப்பமாகக் கலந்து எழுதினால் ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அதுவரை காப்பாற்றியது எடிட்டர்கள்தாம். குறிப்பாக விம்.

விம்முக்கு ஒரு தாத்தா உண்டு. பெயர் விஐ. 1976-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் எழுதியது. (பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்.) அவர் வீட்டில் இருந்த டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் பட்டன்கள் மேலேயே அச்சாகியிருந்தன. ஆகவே கர்சரை நகர்த்த அந்த நாலு எழுத்து. இன்றைக்கும் விம் பிரியர்கள் அம்புக்குறியைத் தொடுவது பாவம் என்று நினைக்கிறார்கள்.

1988-ல் ப்ராம் மூலனார் என்ற இன்னொரு டச்சுக்காரர் அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் விஐ இல்லை. ஸ்டீவி என்றொரு நகல் இருந்தது. அதைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய ஆரம்பித்தார். 1991 நவம்பரில் விம் வெளிவந்தது. பைத்தான் பிறந்த அதே வருடம்.

விம்மைத் தன் இஷ்டத்துக்கு வளைக்க விம்ஆர்சி என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. டேப் தட்டினால் ஸ்பேஸாக மாற்று, ஒவ்வொரு படிக்கும் நாலு இடம் விடு, ஒளிந்திருக்கும் டேப்பைக் காட்டிக்கொடு. மூன்று வரி எழுதினால் பைத்தான்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இருங்கள், முடியவில்லை. அதே ஆசாமி மறுநாள் மேக்ஃபைல் என்ற ஒன்றைத் திறக்கிறார். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் பெல் ஆய்வகத்தில் எழுதிய மேக் என்ற கருவிக்கான ஃபைல் அது. அங்கே கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருந்தே ஆக வேண்டும். ஸ்பேஸ் போட்டால் வேலை செய்யாது. இது தொல்லை என்று ஃபெல்ட்மேனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். பாவம், அவர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டாராம். அந்தப் பன்னிரண்டு பேருக்காக அரை நூற்றாண்டாக உலகம் டேப் தட்டிக்கொண்டிருக்கிறது!

இங்கே உதவுவது விம்மின் இன்னொரு சாமர்த்தியம். எந்த வகை ஃபைல் என்று பார்த்து, அதற்குத் தகுந்த அமைப்பை அதுவாகவே போட்டுக்கொள்ளும். பைத்தானுக்கு ஸ்பேஸ். மேக்ஃபைலுக்கு டேப்.

இத்தனைக்கும் விம் இலவசம். 1994-ல் ப்ராம் உகாண்டாவுக்குப் போனார். தெற்கே கிபாலே என்ற ஊர். எய்ட்ஸ் பெற்றோரைக் கொண்டுபோக, குழந்தைகள் அநாதையாக நின்ற பகுதி. அங்கிருந்த குழந்தைகள் மையத்தில் ஒரு வருடம் தொண்டராக இருந்து குடிநீர், சுகாதார வேலைகளைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் ஓர் அறக்கட்டளை அமைத்தார். விம்மைத் திறந்தால் முகப்பிலேயே, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டாலும் எடிட்டர் ஓடும். நன்கொடை தந்தவர்கள் அடுத்து என்ன வசதி வேண்டும் என்று ஓட்டுப் போடலாம் என்றுகூட ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மென்பொருளை விற்றே கோடீஸ்வரர் ஆனவர்கள் இருந்த அதே காலத்தில்!

2006-ல் கூகுளின் ஜூரிச் அலுவலகத்தில் சேர்ந்தார். கைடோ அப்போது அதே கம்பெனியின் அமெரிக்க அலுவலகத்தில் இருந்தார்.

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி ப்ராம் இறந்தார். வயது 62. அடுத்த ஜனவரியில் மற்ற தொண்டர்கள் சேர்ந்து 9.1 பதிப்பை வெளியிட்டு, அவருக்கே காணிக்கையாக்கினார்கள். அதன் முகப்பில் 'ப்ராம் மூலனாரும் மற்றவர்களும்' என்ற வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே உகாண்டாவும்.