கலர் விழுந்த குட்டி

பக்கத்து வீட்டுப் பேரன் சென்னையில் படிக்கிறான். விடுமுறைக்குக் காரங்காடு வந்தவன் திண்ணையில் என் அருகே உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். எலுமிச்சம்பழ மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பாம்பு, யாரோ ஒரு பெண்ணின் தோளில் மாலை மாதிரி கிடந்தது. "பால் பைதான் தாத்தா" என்றான். வெளுப்பாக இருப்பதால் பால் என்று பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் சிரித்துவிட்டு, அது பால் இல்லை, பந்து. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்றான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு அது. இயற்கையில் கரும்பழுப்பும் பொன்பழுப்பும் கலந்த உடம்பு. எலி வளையிலும் கறையான் புற்றிலும் படுத்தால் மண்ணோடு மண்ணாகத் தெரியும். 1992இல் அமெரிக்காவில் வெளுத்த குட்டிகளை முதன்முதலாக வீட்டில் பொரிக்கவைத்தார்கள். அதிலிருந்து வியாபாரம் பிடித்துக்கொண்டது. இப்போது ஆயிரக்கணக்கான நிறச் சேர்க்கைகளாம். அதில் சிலந்தி வலை மாதிரிக் கோடு விழுந்த ஒரு வகைக்குத் தலை ஆடிக்கொண்டே இருக்கும். இரையைக் கவ்வப் போனால் குறி தப்பும். அந்தக் கோட்டைத் தருகிற மரபணுவே தலை ஆட்டத்தையும் தருகிறது. ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியாது. நம்மூர் மலைப்பாம்பை வீட்டில் வைத்தால் 1972ஆம் வருடச் சட்டப்படி சிறைதான் என்பதையும் சொல்லிவைத்தேன்.

"சாதா கலரை யாரும் வாங்க மாட்டாங்க தாத்தா, சும்மாதான் குடுப்பாங்க" என்றான். அந்த வார்த்தைதான் என்னைப் பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போனது.

1977இல் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த எனக்கு ராஜபாளையம் பக்கம் பணி. அப்போது அதுவும் இராமநாதபுரம் மாவட்டம்தான். 1985இல்தான் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் ஊரில் எல்லாருக்கும் "டாக்டரய்யா"தான்.

ராஜபாளையம் நாயைப் பற்றி நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரமான உடம்பு, ஆழமான மார்பு, மடிந்த காது. ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்துக் காத்த இனம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோப்புக் காவலுக்கும் வைத்திருந்தார்கள். பாளையக்காரர் போரில் இந்த நாய்கள் வெள்ளைக்காரன் குதிரைகளைக் கடித்து விரட்டின என்றும் கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் விலை பேசும்போது இதெல்லாம் வராது. பால் வெள்ளையா, மூக்கு ரோஜா நிறமா, இந்த இரண்டுதான் கேள்வி. மூக்கில் கறுப்புப் புள்ளி இருந்தால் விலை பாதி. உடம்பில் பழுப்போ கறுப்போ திட்டு விழுந்தால் "கலர் விழுந்த குட்டி". அதற்கு விலையே இல்லை. பிறந்த அன்றே அவற்றைத் தண்ணீரில் போட்டுவிடுகிறவர்களும் இருந்தார்கள். நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயது, புது வேலை, வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஈற்றில் வெள்ளையும் வரும், கலரும் வரும். தாய் தகப்பன் ஒன்றுதான், வேட்டைப் புத்தியும் ஒன்றுதான். என் கணிப்பு என்னவென்றால், வேட்டை நடந்த காலத்தில் காது கேட்காத நாய் காட்டிலேயே கழிந்து போயிருக்கும். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத நாயை எவன் வைத்துக்கொள்வான்? வெள்ளை மேல் ஆசை முன்பே உண்டு என்றாலும் வேட்டை அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 1972இல் சட்டம் வந்து வேட்டை நின்றது. அப்புறம் நாய்க்கு வாசலில் நின்று அழகு காட்டுவதே வேலையாகிவிட்டது.

காதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கரு வளரும்போது நிறம் கொடுக்கும் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்கப் பரவுகின்றன. தோலுக்கும் மூக்குக்கும் போவது போலவே உட்காதுக்கும் போகின்றன. அங்கே அவற்றுக்கு வேறு வேலை: கேட்கும் நரம்பு முனைகள் உயிரோடு இருக்க அவை வேண்டும். மிகவும் வெளுத்த குட்டியில் சில சமயம் அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேர்வதில்லை. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் உட்காது செத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வெள்ளை உடம்பும் நீலக் கண்ணும் உள்ள பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே எழுதியிருக்கிறார். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களைச் சோதித்தபோது நூற்றுக்கு முப்பதுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை.

இதெல்லாம் நான் பின்னால் படித்தது. 1979இல் எனக்கும் ஒரு ராஜபாளையம் வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு பெரியவர் வீட்டில் ஆறு குட்டிகள். ஐந்து பால் வெள்ளை. ஒன்றுக்கு முதுகிலும் காதிலும் செம்பழுப்புத் திட்டு, கறுத்த மூக்கு. அதுதான் ஓடி வந்து என் செருப்பைக் கடித்தது. "இது கலர் விழுந்தது டாக்டரய்யா, வேணும்னா சும்மா எடுத்துக்கிடுங்க" என்றார். எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியை எடுத்து வந்தேன். கலர் குட்டியை அவர் தோப்புக் காவல்காரர் கொண்டு போனார்.

அடுத்த வருடம் திருவாடானைப் பக்கம் மாற்றலாகி, நாயோடு ஊர் வந்து சேர்ந்தேன். ஊரே பார்க்க வந்தது. ராஜா என்று பெயர். கூப்பிட்டால் வரமாட்டான். பெரிய இடத்து நாய், கர்வம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் விடியற்காலை கரையில் நிற்கிறேன். வள்ளம் வரும் சத்தம் நம் காதுக்கு எட்டுமுன்பே நாட்டு நாய்கள் நாலும் எழுந்து தண்ணீர்ப் பக்கம் ஓடின. ராஜா அசையவில்லை. ஒரு நாய் அவன் முன்னால் குறுக்கே ஓடியதைப் பார்த்த பிறகுதான் துள்ளி எழுந்தான். அப்போது புரிந்தது. கூடப் பிறந்ததுகளைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வதால் செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கால்நடைத் துறையில் இருந்துகொண்டு எனக்கே ஒன்றரை வருடம் பிடித்தது.

மூன்று மாதம் கழித்து மீன் ஏற்ற வந்த லாரி பின்பக்கமாக வந்தது. அதன் நிழலில்தான் படுத்திருந்தான். எல்லாரும் கத்தினோம்.

1986இல் ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போனபோது அந்தக் காவல்காரரைத் தேடிப் போனேன். தோப்பு வேலிக்கு நூறு கஜம் முன்பே குரைப்பு கேட்டது. என் சைக்கிள் செயின் கிரீச்சிடும், அதுதான் அதன் காதில் விழுந்திருக்கிறது. முகம் நரைத்த, செவலைத் திட்டு நாய். என்னை அதற்குத் தெரிய நியாயமில்லை.

வெளுப்பு மோகம் நாயோடு நிற்கவில்லை. ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் 1951இல் பிடித்த மோகன் என்ற வெள்ளைப் புலியைச் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் மஞ்சள் குட்டிகளே. பிறகு அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் கிடைத்தன. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு தவறான பக்கம் போவதால் பல வெள்ளைப் புலிகளுக்கு மாறுகண் உண்டு. கூண்டுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்துக்கு அது தெரியாது.

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வந்தது. 2020இல் சிப்பிப்பாறையோடும் கர்நாடகத்து முதோலோடும் தேசிய அளவில் இனமாகப் பதிவும் ஆனது. சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கும் போனில் விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது மூக்கு நிறத்தைத்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, வீட்டுக் காவலுக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வாங்க அப்பா முன்பணம் கொடுத்திருக்கிறார், சுத்த வெள்ளை என்றான். குட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்து, பின்பக்கம் நின்று, தரை அதிராமல் கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். தரை அதிர்ந்தாலோ நிழல் விழுந்தாலோ செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் போயிருந்தால் இதில் தெரியாது; அதற்குக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கலர் விழுந்தது இருந்தால் அதையும் கொண்டுவந்து காட்டச் சொல்லு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.